கரி படிந்த கலம்

2015ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22ஆம் நாள். ஆண்டிறுதி விடுமுறைக் காலம். மாணவர் இல்லாத பள்ளியின் அமைதி எத்தகையது என்பதைத் தலைமையாசிரியர்கள் நன்கறிவர். அவ்வமைதியில், வரும் ஆண்டின் கால அட்டவணையை வரைந்துகொண்டு அலுவலக அறையில் தனியே அமர்ந்திருந்தேன். காலை ஒன்பதரை மணி இருக்கும். கணினித் திரையின் ஒரு மூலையில் அமெரிக்காவிலிருந்து நேரடி ஒளிபரப்பு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அங்கே அப்போது முன்னிரவு.

புளோரிடா மாநிலத்துக் கேப் கனாவரல் கடற்கரையிலிருந்து, ஸ்பேஸ் எக்ஸ் என்னும் தனியார் நிறுவனத்தின் ஃபால்கன் 9 என்னும் ராக்கெட் 11 செயற்கைக்கோள்களைச் சுமந்துகொண்டு கிளம்பியது. அது கிளம்பியதில் வியப்பு ஏதும் இல்லை. கிளம்புவதைக் கண்டு கண்டு நம் கண்கள் பழகிவிட்டன. ஆனால் பத்து நிமிடம் ஆவதற்குள், மேலே சென்றதன் அடிப்பகுதி மட்டும் தனியே திரும்பி வந்து, தீப்பிழம்பின்மேல் நின்றவாறே இறங்கி, நான்கு கால்களை விரித்துத் தரையில் நின்றது. படச்சுருளைப் பின்னோக்கி ஓட்டிக் காட்டினாற் போன்றிருந்தது. அறையில் எவரும் இலர். ஆயினும் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

எழுந்து நின்றவனின் நெஞ்சில் மகிழ்ச்சியோடு ஒரு முள்ளும் தைத்தது. அதைப் பற்றிச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். ஆயினும் முதலில் ராக்கெட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ராக்கெட்டை ஏவூர்தி என்றும், 'பூஸ்டர்' எனப்படும் அதன் அடிப்பகுதியை உந்துகலம் என்றும் நான் என் மாணவர்க்குச் சொல்லி வருகிறேன். இவற்றினும் நல்ல சற்கள் கிடைப்பின் மாற்றிக்கொள்ளத் தடையில்லை. சொல் அமையும்வரை பொருளைச் சொல்லாமல் நிறுத்தி வைத்தல் தமிழாசிரியர்க்கு ஆகாது என்பது என் துணிபு.

ஃபால்கன் 9 ஏவூர்தியின் முழு உயரம் ஏறத்தாழ 70 மீட்டர். அதில் பாதிக்கும் மேற்பட்டது உந்துகலமே. ஒன்பது எந்திரங்களும் அதன் அடியில்தான் பொருத்தப்பட்டுள்ளன. மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்த எரிபொருளும், கடுங்குளிரில் நீர்மமாக்கிய உயிர்வளியும் அதன் வயிற்றை நிரப்புகின்றன. ஏவூர்தியின் விலையில் பெரும்பங்கு இதற்கே உரியது. இத்தனை அரும்பாடுபட்டுச் செய்த கலம் இரண்டரை நிமிடம் உழைக்கும். பிறகு கழன்று விழும். 1957இல் ஸ்புட்னிக்கைச் சுமந்து சென்ற நாள் தொட்டு அரை நூற்றாண்டுக்கு மேல் உலகெங்கும் நடந்தது இதுதான். கழன்றது கடலில் விழும், அன்றேல் ஆளில்லாப் பெருவெளியில் விழும். எவரும் அதைத் தேடிச் செல்வதில்லை.

ஸ்பேஸ் எக்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்த ஈலோன் மஸ்க் இதற்கு விமானத்தை ஒப்புமையாகப் பலமுறை கூறியுள்ளார். நம் வழக்கில் சொல்வதானால், கோலாலம்பூரிலிருந்து பயணிகளை ஏற்றிச் சென்னையில் இறக்கிய விமானத்தை அன்று மாலையே வங்கக் கடலில் தள்ளிவிட்டு, மறுநாள் பயணத்திற்குப் புதியதொரு விமானம் செய்வது போன்றது இது. அவ்வாறாயின் நம்முள் எத்தனை பேர் சென்னையைக் கண்டிருப்போம்?

மீட்டெடுக்க எவரும் முயலவில்லை என்று சொன்னால் அது பிழையாகும். 1981 முதல் 2011 வரை 135 முறை ஏவப்பட்ட அமெரிக்க விண்வெளி ஓடம் மீண்டும் பயன்பட்டதே. அதன் இருபுறத்துத் திண்ம எரிபொருள் உந்துகலங்கள் வான்குடையில் கடலில் இறங்கின. கப்பல்கள் அவற்றை இழுத்து வந்தன. ஆயினும் ஒவ்வொரு பயணத்திற்குப் பின்பும் ஓடத்தை நுணுகி நுணுகிச் செப்பனிட ஆன காலமும் செலவும் மிகுதி. மீண்டும் பயன்படுத்தினர் என்பது உண்மை. மலிவாகப் பயன்படுத்தினர் என்று சொல்வதற்கில்லை. 1993இல் மெக்டொனல் டக்ளஸ் நிறுவனம் டி.சி. எக்ஸ். என்னும் சிறு கலத்தை நியூ மெக்சிகோ பாலைவெளியில் பறக்கவிட்டு, நின்ற நிலையிலேயே இறக்கிக் காட்டியது. பின்னர் நாசாவின் கைக்கு வந்த அக்கலம், 1996இல் தரையைத் தொட்டபோது நான்கு கால்களில் ஒன்று விரியாமையால் சாய்ந்து எரிந்து போயிற்று. காரணம், அந்தக் காலுக்குரிய குழாய் ஒன்று இணைக்கப்படாமல் விடுபட்டதே. திட்டமும் அத்துடன் நின்றது. விடுபட்டது ஒரு குழாய். நின்றதோ ஒரு வழி. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெருடும்.

இனி முள்ளைப் பற்றிச் சொல்கிறேன்.

ஸ்பேஸ் எக்ஸ் நிறுவனத்திற்கும் நம் மலேசியாவிற்கும் ஒரு தொடர்பு உண்டு. அதை நம் மாணவருள் பலர் அறியார். ஆசிரியருள்ளும் சிலரே அறிவர். அந்நிறுவனத்தின் முதல் ஏவூர்தி ஃபால்கன் 1 என்பது. பசிபிக் பெருங்கடலில் குவாஜலின் பவளத்தீவுக் கூட்டத்து ஓமெலெக் என்னும் சின்னஞ்சிறு தீவிலிருந்து அது ஏவப்பட்டது. 2006இல் முதல் முயற்சி. கடற்காற்றில் அரித்துப்போன ஒரு திருகுமறையின் வழியே எரிபொருள் கசிந்து தீப்பற்ற, ஏவூர்தி அரை நிமிடத்தில் கடலோரம் விழுந்தது. அது சுமந்து சென்ற சிறு செயற்கைக்கோள் அத்தீவின் கொட்டகை ஒன்றின் கூரையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே விழுந்ததாம்! 2007இல் இரண்டாம் தோல்வி. 2008 ஆகஸ்டில் மூன்றாம் தோல்வி. இம்முறை, கழன்ற கீழடுக்கு எஞ்சியிருந்த சிறு உந்துவிசையால் மேலடுக்கை இடித்துவிட்டது. எந்திரத்தை நிறுத்துவதற்கும் அடுக்குகளைப் பிரிப்பதற்கும் இடையே இன்னும் சில நொடிகள் காத்திருந்தால் போதும் என்று கண்டனர். வேறொன்றையும் பெரிதாக மாற்றவில்லை. எட்டு வாரத்தில், செப்டம்பர் 28ஆம் நாள், நான்காம் ஏவூர்தி சுற்றுப்பாதையை அடைந்தது.

ஐந்தாவதாகச் சென்றது நம் நாட்டின் செயற்கைக்கோள். நம் இரண்டாம் பிரதமர் துன் அப்துல் ரசாக் அவர்களின் பெயர் தாங்கிய 'ரசாக்சாட்', 2009ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள், நம் கடிகாரத்தில் முற்பகல் பதினொன்றரை மணியளவில், அதே ஓமெலெக் தீவிலிருந்து ஃபால்கன் 1இன்மீது ஏறிச் சென்றது. எடை 180 கிலோகிராம். நிலநடுக்கோட்டை ஒட்டிய பாதையில் சுற்றி, நம் போன்ற நாடுகளின்மேல் அடிக்கடி கடந்து படம் எடுக்கும் வகையில் அமைந்தது. ஸ்பேஸ் எக்ஸ் வணிக முறையில் சுற்றுப்பாதையில் சேர்த்த முதற்சுமை அதுவே. அதைச் சுமந்த உந்துகலத்தையும் வான்குடையில் இறக்கிக் கடலிலிருந்து மீட்க வேண்டும் என்பதே தொடக்கத்திலிருந்து திட்டம். ஆனால் ஃபால்கன் 1 கலங்களில் ஒன்றேனும் மீட்கப்படவில்லை.

அப்போது நான் வேறொரு தமிழ்ப்பள்ளியில் அறிவியல் கழகத்தின் பொறுப்பாசிரியராக இருந்தேன். மறுநாள் சபைக்கூடலில் ரசாக்சாட்டைப் பற்றிப் பெருமிதத்தோடு பேசினேன். மூன்று முறை தோற்றவர்கள் நான்காம் முறை வென்ற வரலாற்றையும், 'முயற்சி திருவினையாக்கும்' என்பதையும் எடுத்துரைத்தேன். மாணவர் கைதட்டினர். அந்தக் கைதட்டல் அடங்கி இரண்டு வாரங்கூட ஆகியிராது.

மாவட்ட அளவிலான நீர் ராக்கெட் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. ஆசிரியர்கள் அறிவீர்கள்: குளிர்பானப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு நீர் ஊற்றி, மிதிவண்டிப் பம்பினால் காற்றை அடைத்து விடுவித்தால், நீர் கீழே பீறிட, புட்டி மேலே பாயும். எங்கள் குழுவில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் இருந்தான். வாசிப்பில் பின்தங்கியவன், கைவேலையில் கெட்டிக்காரன். அவன் செய்த புட்டி முதல் தடவை சாய்வாகப் பறந்து சிற்றுண்டிச்சாலைக் கூரையில் மோதியது. இரண்டாம் தடவை கால்வாயில் விழுந்தது. போட்டிக்கு இன்னும் பத்து நாளே இருந்தது. பள்ளியின் பெயர் என்ன ஆவது என்ற கவலை எனக்கு. கால்வாயிலிருந்து அவன் எடுத்து வந்த புட்டியை வாங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். உடனிருந்த ஆசிரியரிடம், "இவன் வேண்டா, வேறொருவனைப் போடுங்கள்" என்றேன். அவன் காதில் விழும்படியே சொன்னேன். அவன் அழவில்லை. கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வகுப்பிற்குப் போய்விட்டான்.

அவ்வாண்டு எங்கள் பள்ளி மூன்றாம் பரிசு பெற்றது. கேடயம் அப்பள்ளி அலமாரியில் இன்றும் இருக்கக்கூடும்.

2015இல் திரையின்முன் எழுந்து நின்றபோது என்னைத் தைத்த முள் அந்தப் புட்டிதான்.

அன்று முதல் இக்கலங்களின் வரலாற்றைத் தேடித் தேடிப் படிக்கலானேன். ஃபால்கன் 9இன் முதல் இரு பயணங்கள் 2010இல் நிகழ்ந்தன. அப்போதும் வான்குடையைத்தான் நம்பினர். கலமோ வான்குடை விரியும் நிலைக்கு வருமுன்பே, காற்று மண்டலத்துள் நுழையும் வேகத்தில் சிதைந்து போயிற்று. ஆகவே வான்குடையைக் கைவிட்டு, எந்திரத்தையே மீண்டும் இயக்கி இறங்குவது என்று முடிவு செய்தனர். டெக்சாஸ் மாநிலத்து மெக்கிரகர் என்னுமிடத்தில் 'வெட்டுக்கிளி' என்று பெயரிட்ட சோதனைக் கலத்தை வைத்துப் பழகினர். 2012 செப்டம்பரில் அதன் முதல் தாவல் இரண்டு மீட்டர் உயரங்கூட இல்லை. மறு ஆண்டு அக்டோபரில் 744 மீட்டர் உயரம் சென்று, புறப்பட்ட இடத்திலேயே வந்து நின்றது. சுவர் பிடித்து நடக்கும் குழந்தை ஓராண்டில் தெருக்கோடிவரை ஓடி வருவதில்லையா, அது போல.

கலம் எவ்வாறு திரும்புகிறது என்பதை ஆறாம் ஆண்டு மாணவர்க்கு விளக்க நான் பட்ட பாடு கொஞ்சமன்று. அறுபது, எழுபது கிலோமீட்டர் உயரத்தில் கலம் கழல்கிறது. நைட்ரஜன் வளியைச் சிறு துளைகளின் வழியே பீய்ச்சித் தன்னைத் திருப்பிக்கொள்கிறது. தரைத்தளத்திற்கே திரும்ப வேண்டுமாயின், மூன்று எந்திரங்களை மூட்டித் தான் சென்ற திசையையே மாற்றிக்கொள்கிறது. காற்று மண்டலம் அடர்த்தியாகும் இடத்தில் மீண்டும் எந்திரங்களை மூட்டி வேகத்தைத் தணிக்கிறது. இல்லையெனில் காற்றே அதை உடைத்துவிடும். பின்னர், மேற்பகுதியில் மடித்து வைத்திருந்த நான்கு துடுப்புகள் விரிகின்றன. இவை தட்டையானவை அல்ல; கட்டம் கட்டமாகத் துளையிட்டவை. இடியாப்பத் தட்டைப் பெரிதாக்கி நிறுத்தி வைத்தாற் போன்றிருக்கும் என்று சொன்னேன். மாணவர்க்கு உடனே விளங்கிவிட்டது. இத்துடுப்புகள் சுழன்று திரும்பிக் கலத்தை இலக்கு நோக்கிச் செலுத்துகின்றன.

கடைசிக் கட்டமே கடினம். இறங்கும்போது நடு எந்திரம் ஒன்றுதான் பெரும்பாலும் எரிகிறது. அதன் விசையை எவ்வளவு தாழ்த்த இயலுமோ அவ்வளவு தாழ்த்தினாலும், எரிபொருள் தீர்ந்து இலேசாகிவிட்ட கலத்தின் எடையைவிட அது மிகுந்தே நிற்கிறது. எனவே உலங்கு வானூர்தியைப் போல் அந்தரத்தில் நின்று இடம் பார்த்து இறங்க வழியில்லை. வேகம் சுழியாகும் கணமும் கால்கள் தரையைத் தொடும் கணமும் ஒன்றாதல் வேண்டும். சற்று முந்தினால் கலம் மேலே எழத் தொடங்கிவிடும். சற்றுப் பிந்தினால் மோதிவிடும். இதனை அக்கணத்தில் கணிப்பது கலத்தினுள் இருக்கும் கணினி. கீழே இருப்போர் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறொன்றும் செய்வதற்கில்லை. தேர்வு மண்டபத்துக் கதவை மூடியபின் வெளியே நிற்கும் ஆசிரியரின் நிலைதான் அவர்கள் நிலையும்.

கடலில் இறங்கும் கலத்திற்காக ஆளில்லா மிதவைக் கப்பல்களை நிறுத்தினர். அவற்றுள் ஒன்றின் பெயரைத் தமிழில் சொன்னால், 'இன்னமும் உன்னை நேசிக்கத்தான் செய்கிறேன்' என்று வரும். அறிவியற் புனைகதை ஒன்றிலிருந்து எடுத்த பெயராம். கப்பலுக்கு இப்படியும் ஒரு பெயரா என்று முதலில் நகைத்தேன். விழுந்து நொறுங்குவதை ஏந்தப் போகும் கப்பலுக்கு வேறென்ன பெயர் வைப்பது என்று பின்னர்த் தோன்றிற்று.

2015 ஜனவரி 10இல் மிதவையை நாடி வந்த முதற்கலம், துடுப்புகளைத் திருப்பும் நீர்மம் இறங்குவதற்குச் சற்று முன்னர்த் தீர்ந்துபோனமையால் மோதி வெடித்தது. ஏப்ரல் 14இல் வந்தது மிதவையைத் தொட்டே விட்டது; ஆனால் எந்திரத்தின் விசையைக் கட்டுப்படுத்தும் அடைப்பான் ஒன்று சொன்ன சொல்லுக்குத் தாமதமாகப் பணிந்ததால் தள்ளாடிச் சாய்ந்தது. ஜூன் 28இல் நேர்ந்தது பெருந்துயர். பன்னாட்டு விண்வெளி நிலையத்திற்குப் பொருள் கொண்டு சென்ற ஏவூர்தி, மேலடுக்கினுள் ஹீலியம் கலன் ஒன்றைத் தாங்கிய முட்டுக்கம்பி முறிந்து, புறப்பட்ட மூன்று நிமிடத்திற்குள் சிதறிப் போயிற்று. அந்தத் துயரத்திற்குப் பின் பறந்த முதல் ஏவூர்தியைத்தான் டிசம்பரில் நான் கண்டேன். இடிந்து போயிருக்க வேண்டியவர்கள் பறப்பதற்கு மட்டும் துணியவில்லை. அன்றே தரையிறக்கத்திற்கும் துணிந்தார்கள்.

வென்றபின்னும் விழுந்தார்கள். 2016 ஜனவரி 17இல் ஒரு கலம் மிதவையின் நடுவில் அழகாக வந்து நின்றது. நின்ற பிறகு ஒரு காலின் பூட்டு விழாமல் மடங்கிச் சாய்ந்து வெடித்தது. புறப்பட்ட வேளையில் கவிந்திருந்த மூடுபனி, உறைந்து பூட்டைப் பற்றியிருக்கலாம் என்றனர். மார்ச்சில் இன்னொன்று மோதியது. ஏப்ரல் 8இல்தான் மிதவையின்மேல் ஒரு கலம் நின்று நிலைத்தது.

ஒவ்வொரு வீழ்ச்சிக்கும் ஒரு காரணம் கிடைத்தது என்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. தீர்ந்த நீர்மம், தாமதித்த அடைப்பான், விழாத பூட்டு. ஆழ்கடலில் மூழ்கிய பழங்காலத்து உந்துகலங்கள் தங்களைப் பற்றி எதையும் சொல்லவில்லை. திரும்பி வந்து விழுந்தவை சொல்லின. 2017இல் அந்நிறுவனம் தன் கலங்கள் மோதியும் சாய்ந்தும் வெடித்தும் போன காட்சிகளையெல்லாம் தொகுத்து, இன்னிசையும் சேர்த்துத் தானே வெளியிட்டது. நம் பள்ளி ஆண்டு மலர்களை எண்ணிப் பார்த்தேன். பரிசு பெற்றோர் படம் வரும். கேடயத்தின் படம் வரும். கால்வாயில் விழுந்த புட்டியின் படம் எந்த மலரிலும் வந்ததில்லை. நான் பதிப்பாசிரியனாக இருந்த மலர்களும் அதற்கு விலக்கல்ல.

இது செல்வர் இருவரின் போட்டி விளையாட்டு என்போர் உளர். ஜெஃப் பெசோசின் புளூ ஆரிஜின் நிறுவனம் 2015 நவம்பரிலேயே தன் சிறிய ஏவூர்தியை நூறு கிலோமீட்டர் உயரத்திற்கு அனுப்பி இறக்கிக் காட்டியது உண்மைதான். அது சுற்றுப்பாதைக்குச் செல்லாத ஏவூர்தி. அதன் பெரிய ஏவூர்தியான நியூ கிளென்னின் உந்துகலம் 2025 ஜனவரியில் தொலைந்து, அவ்வாண்டு நவம்பரில் அடுத்த முயற்சியிலேயே மிதவையில் இறங்கியது. தனியார் என்ற சொல்லையும் அளவோடுதான் கொள்ள வேண்டும். 2008 டிசம்பரில் நாசா 160 கோடி டாலர் மதிப்பில் பொருள் சுமக்கும் ஒப்பந்தம் தந்திராவிடில் ஸ்பேஸ் எக்ஸ் தழைத்திருக்குமா என்பது ஐயமே. மலிவாகப் பறக்க முடிந்ததால் ஆயிரக்கணக்கான செயற்கைக்கோள்களை வானில் நிறைத்துவிட்டனர் என்று வானியலாளர் நொந்துகொள்வதிலும் நியாயம் உண்டு. இவற்றையெல்லாம் அறிந்தே வியக்கிறேன்.

இறக்கியது பாதி வேலை. இறங்கியதை மீண்டும் ஏற்றுவது மறுபாதி. ஒருமுறை தீயில் வெந்து திரும்பிய கலத்தை நம்பித் தன் விலையுயர்ந்த செயற்கைக்கோளை யார் தருவார்? லக்சம்பர்க் நாட்டு எஸ்.ஈ.எஸ். நிறுவனம் தந்தது. ஓராண்டுக்கு முன் மிதவையில் நிலைத்து நின்ற அதே கலம், 2017 மார்ச் 30இல் எஸ்.ஈ.எஸ். நிறுவனத்தின் செயற்கைக்கோளைச் சுமந்து சென்றது. மறுபடியும் திரும்பி வந்தது. 'பயன்படுத்திய கலம்' என்று சொல்லாமல், 'பறந்து மெய்ப்பித்த கலம்' என்று சொல்லலாயினர். வணிகத் தந்திரம் என்று தள்ளிவிடலாம். ஆனால் காலப்போக்கில் அந்தச் சொல்லை மற்றவர்களும் ஏற்றுக்கொண்டனர். 2021 ஏப்ரலில் நாசாவே தன் விண்வெளி வீரர்களை ஏற்கெனவே பறந்த கலத்தின்மேல் அமர்த்தி அனுப்பியது.

பலமுறை பறந்த கலத்தைப் பார்த்தால் அடையாளம் தெரியும். வெண்ணிறம் போய், புகைக்கரி படிந்து, அடுப்பில் ஏறி இறங்கிய பானை போலிருக்கும். என் தந்தையார் பால்மரம் சீவியவர். விடியலில் மங்குகளைத் துடைத்து, விரிசல் உண்டா என்று விரலால் தடவிப் பார்த்து மரத்தில் மாட்டுவார். பழைய மங்கு என்று எதையும் அவர் எறிந்து நான் கண்டதில்லை. விரிசல் விட்டதைத்தான் எறிவார். பழமைக்கும் பழுதுக்கும் உள்ள வேறுபாடு அவருக்குத் தெரிந்திருந்தது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்று வந்த மகன் அதை மறந்தான்.

எல்லாக் கலமும் என்றும் நிலைப்பதில்லை. சுமை மிகுந்த பயணங்களில், திரும்பி வருவதற்கென எரிபொருளை ஒதுக்க இயலாது. அப்போது கலத்தைக் கடலுக்கே விட்டுவிடுகின்றனர். 2020 மே 30இல் இரு வீரர்களை விண்வெளி நிலையம் நோக்கி உந்தித் தந்த கலம் 19 முறை பறந்தது. 2023 டிசம்பர் 23இல் கடைசி முறையும் மிதவையில் பிசகின்றி இறங்கியது. துறைமுகம் திரும்பும் வழியில், 25ஆம் நாள், காற்றும் அலையும் மிதவையை அலைக்கழிக்கச் சாய்ந்து உடைந்து போயிற்று. எந்திரங்களுள்ள அடிப்பகுதி மட்டும் மிதவையில் எஞ்சியது. அதையும் கரைக்குக் கொண்டு வந்தனர். உடைந்ததற்கும் உரிய மதிப்புத் தந்தனர். 2025 ஆகஸ்டில் மற்றொரு கலம் முப்பதாம் முறையாகப் பறந்தது.

2024 அக்டோபர் 13இல், டெக்சாஸ் கடற்கரையில், ஸ்டார்ஷிப் என்னும் பேரேவூர்தியின் உந்துகலம் கால்களே இல்லாமல் இறங்கி வந்தது. ஏவுதளக் கோபுரம் இரு இரும்புக் கைகளால் அதை வானிலேயே பிடித்துக்கொண்டது. அதற்குச் சில நாள் கழித்து என் கார் வழியில் நின்றுபோயிற்று. அதை இழுத்துச் சென்ற பட்டறையில், எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே ஓர் இளைஞன் வந்தான்.

"ஐயா, என்னைத் தெரிகிறதா?"

தெரிந்தது. கைகளைத் துடைத்த விதத்திலேயே தெரிந்துவிட்டது.

எந்திரத்திலிருந்து ஏதோ ஒரு பாகத்தைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கெட்டுவிட்டதா? புதிதாக மாற்றிவிடு" என்றேன். "இருங்கள் ஐயா, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றான். அவன் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு கேட்டேன்: "அந்த நீர் ராக்கெட் நினைவிருக்கிறதா?"

நினைவிருந்தது. "ஒரு துடுப்பு தளர்ந்து போயிருந்தது ஐயா. காலைப் பனியில் ஒட்டுநாடா நனைந்துவிட்டது. அதனால்தான் ஒருபக்கமாகவே சாய்ந்தது. அன்று பள்ளி விட்டதும் குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன்."

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கும் தகுதி எனக்கு இல்லை என்று உணர்ந்து அடங்கினேன். அவனோ தொடர்ந்து சொன்னான்: "வீட்டுக்குக் கொண்டுபோய் வேறு நாடா போட்டு ஒட்டினேன். செம்பனைத் தோட்டத்து மண்சாலையில் தம்பியோடு சேர்ந்து விட்டுப் பார்த்தோம். நேராகப் போனது ஐயா. மரத்தைத் தாண்டிப் போனது."

மன்னிப்பு என்ற சொல்லை என்னால் சொல்ல முடியவில்லை. தலைமையாசிரியர் நாற்காலி சில சொற்களை நாவிலிருந்து எடுத்துவிடுகிறது. "சனிக்கிழமை பள்ளிக்கு வர முடியுமா? பிள்ளைகள் ராக்கெட் செய்கிறார்கள்" என்று மட்டும் கேட்டேன். பட்டறை முதலாளியைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னான்.

வந்தான். திடலில் பன்னிரண்டு மாணவர்கள். முதற்புட்டி நேரே எழுந்தது. இரண்டாவது, நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி செய்தது, பாதி வழியில் வளைந்து வேலியோரக் கால்வாயில் விழுந்தது. சிறுவர் சிலர் சிரித்தனர். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் வாய் திறக்குமுன், அவன் வேலியை நோக்கி ஓடிக்கொண்டே உரக்கச் சொன்னான்: "யாரும் எடுக்காதீர்கள்! எந்தப் பக்கம் விழுந்து கிடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்."

அவனுக்குப் பின்னால் பிள்ளைகள் ஓடினர். காலணியைக் கழற்றிவிட்டு நானும் கால்வாயில் இறங்கினேன்.